கையை மடியில் வைத்துக்கொண்டு

ஜனவரி 8

வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தினமும் ஏதாவது எழுதிப் பழக வேண்டும், அப்போதுதான் கட்டுரை தானாக வரும் என்று அந்த அறக்கட்டளையின் இணையதளத்தில் போட்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். தானாக எதுவும் வரவில்லை.

விவரம்: பெயர் தில்லைக்கரசி. வயது இருபத்து நான்கு. ஊர் சிதம்பரம். பி.ஏ. ஆங்கிலம், அதன் பிறகு காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பு பி.எட். படிப்பு முடிந்ததிலிருந்து வீட்டில் இருக்கிறேன். ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் காது கேளாதோர் கல்வி பற்றி இரண்டு வருடம் படிக்க அந்த அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிறது. கடைசி நாள் மார்ச் 15. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்கள், அது இருக்கிறது. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள், இல்லை. "நீங்கள் யார்?" என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள், அதுவும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அங்கன்வாடியில் உதவியாளர். வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க குளுருமாமே."

"ஆமாம்மா."

"உனக்குச் சளி புடிக்கும்."

பேச்சு அதோடு முடிந்தது.

ஜனவரி 10

அண்ணனோடு வங்கிக்குப் போனேன். அண்ணன் பெயர் சேந்தன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். பிறவியிலேயே காது கேட்காது. கீழவீதியில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வடிவமைப்பான். இந்த ஊரில் யார் இறந்தாலும் அவர்கள் முகத்தின் கரும்புள்ளிகளைக் கடைசியாகத் துடைக்கிறவன் அவன்தான்.

(அவன் கையால் பேசுவதை நான் இங்கே வாய்ப்பேச்சாகவே எழுதுகிறேன். கையை எழுத எனக்குத் தெரியாது.)

மேலாளர் என்னைப் பார்த்து, "அவருக்கு என்னா வேணுமாம்?" என்றார். புது அச்சு இயந்திரத்துக்குக் கடன் என்று நான் சொன்னேன். அதற்குள் அண்ணன் அதையே தன் போனில் தட்டச்சு செய்து அவர் முன்னால் நீட்டினான். மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சரி, ஆதார் கொண்டு வந்திருக்காரா?" என்றார். நான் பதில் சொன்னேன். ஆறு வயதிலிருந்து இதுதான் என் வேலை. அண்ணனுக்கு நான் இல்லாமல் ஆகாது.

திரும்பும்போது அண்ணன் வண்டியை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினான்.

ஜனவரி 19

கட்டுரை. முதல் வரி: "நான் சிதம்பரத்தில் பிறந்தேன்." அடுத்த வரி வரவில்லை.

ஜனவரி 20

எழுதவில்லை. போர்வைகளை ஊறவைத்துத் துவைத்தேன்.

ஜனவரி 28

பேராசிரியர் அருளப்பனைப் பார்க்கக் கல்லூரிக்குப் போனேன். பரிந்துரைக் கடிதம் கேட்டதும், "நீயே எழுதிக் கொண்டாம்மா, நான் கையெழுத்து போட்டுடறேன்" என்றார். வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். நேரம் தவறாதவர், ஒழுக்கமானவர், கொடுத்த வேலையை முடிப்பவர்.

படித்துவிட்டு, "ஏம்மா, வாட்ச்மேன் வேலைக்கா போறே?" என்றார்.

மறுபடியும் வராந்தா. இந்தத் துறையின் வரலாற்றில் இப்படி ஒரு மாணவியைக் கண்டதில்லை என்று எழுதினேன்.

"இதுல கையெழுத்துப் போட எனக்கே கூச்சமா இருக்கு" என்றார். ஆனால் போட்டார். பிறகுதான் கடிதத்தை அவருடைய கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அவரேதான் அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். அவருக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. அப்படி ஒரு மின்னஞ்சல் தனக்கு இருப்பதே மறந்துவிட்டது என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 2

அண்ணன் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போகிறான். ஃப்ளெக்ஸ் ரோல் அங்கே விலை குறைவாம். காலை ரயிலுக்குப் போனான். தீபாவளிச் சட்டையைப் போட்டிருந்தான். சாயங்காலம் வந்தான். கையில் ரோல் இல்லை. சரக்கு வரவில்லையாம். போன வாரமும் வரவில்லை.

அந்தக் கடைக்காரனை மாற்றச் சொன்னேன். சரி என்றான்.

பிப்ரவரி 8

கட்டுரை வந்துவிட்டது. "ஆறு வயதிலிருந்து நான் என் அண்ணனின் குரலாக இருக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லை. வங்கி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, அப்பா இறந்த அன்று சுடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்கு நான் சொல்லிக்கொண்டே நடந்தது, சுடுகாட்டு வாசலில் பெண்கள் வரக்கூடாது என்று என்னை நிறுத்தியதும் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனது. எல்லாம் எழுதினேன்.

அருளப்பன் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குத் தரலன்னா வேற எதுக்குத் தருவான்?" என்றார். கடவுச்சொல் பற்றிக் கேட்டேன். புதிதாக ஒன்று கேட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

பிப்ரவரி 14

அண்ணன் விழுப்புரம் போனான். இன்று ஞாயிறுகூட இல்லை. கடையில் ஏகப்பட்ட வேலை கிடக்கிறது. ரோல் இப்போதும் வரவில்லை. அந்தச் சட்டைதான்.

அவனுடைய போனில் இணையம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. படம் பார்க்கிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். என்ன படம் என்றதற்கு, பழைய படம் என்றான்.

பிப்ரவரி 20

கட்டுரையை மடிக்கணினியில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்தபோது அண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஆங்கிலத்தைப் போனில் தமிழாக்கிப் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"குரலா?"

"அது ஒரு அழகுக்கு எழுதினது."

"நான் எப்பக் கேட்டேன், எனக்குக் குரலா இருன்னு?"

"இல்லண்ணே, அவங்களுக்குப் புரியணும்ல..."

"என்னா புரியணும்? நான் சோத்தைக்கூட நீ ஊட்டித்தான் தின்றேன்னா? கடை வச்சிருக்கேன். ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்கறேன். அது எங்க இதுல?"

தேடிப் பார்த்தேன். அது இல்லை.

"என்னைக் காட்டி நீ வெளிநாட்டுக்குப் போறியா?" என்றான். இதைச் சொன்னபோது கை மெதுவாக அசைந்தது. வேகமாக அசைந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அம்மா உள்ளே வந்து, "என்னாடி சொல்றான்?" என்றாள்.

"கரண்ட் பில் வந்திருக்காம்" என்றேன்.

பிப்ரவரி 21

காது கேட்காதவனோடு சண்டை போடுவது சுலபம் என்று நினைப்பார்கள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அவன் முன்னால் போய் நின்று கையை ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டான்.

ரசம் வைத்தேன். குடித்தான். அதற்கும் கண்ணைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 26

சமாதானம் செய்யக் கடைக்குப் போனேன். நான் கடைக்குப் போய் ஒரு வருடம் இருக்கும். ஒரு கட்சிக்காரர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தலைவர் படம் சிறியதாகவும் வட்டச் செயலாளர் படம் பெரியதாகவும் வந்துவிட்டதாம். உதவி செய்யலாம் என்று நடுவில் போய் நின்று, "அண்ணன் என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தேன்.

கட்சிக்காரர் என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்.

"தங்கச்சி. இவருக்குக் காது கேக்காது."

"அது தெரியும்மா. அஞ்சு வருஷமா வர்றேன். நீ கொஞ்சம் தள்ளு, மறைக்குது."

தள்ளி நின்றேன். அவர் மீசையை முறுக்கிக் காட்டினார், அது தலைவர். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினார், அது வட்டச் செயலாளர். அண்ணன் திரையில் இரண்டையும் மாற்றிக் காட்டினான். அவர் நெற்றியில் கை வைத்து ஒரு கும்பிடு போட்டார். எதிரிலிருக்கும் டீக்கடைக்காரர் அங்கிருந்தே இரண்டு விரலைக் காட்ட, அண்ணன் மூன்று என்று திருத்தினான். எனக்கும் டீ வந்தது. உட்கார்ந்து குடித்தேன். வேறு வேலை இல்லை.

கிளம்பும்போது, "போற வழியில அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டுப் போ" என்றான். அவ்வளவுதான். பேசிவிட்டான்.

மார்ச் 1

கட்டுரையை அழித்தேன். முதல் வரி மட்டும் இருக்கிறது. நான் சிதம்பரத்தில் பிறந்தேன்.

மார்ச் 4

அண்ணனைக் கழித்துவிட்டால் என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று யோசித்தேன். மத்தியானம் வரை யோசித்தேன். பிறகு அரிசி களைந்தேன்.

மார்ச் 9

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டான். போனில் ஒரு பெண்ணின் படம். பெயர் வினோதா. விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கணினியில் விவரம் பதிகிற வேலை. அவளுக்கும் காது கேட்காது. ஒன்றரை வருடமாகப் பழக்கம்.

எனக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. (இல்லை. ரோல் வரவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.)

"நான் அம்மாகிட்ட பக்குவமாச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம். நான் சொல்றேன். நீ பக்கத்துல இரு. கையை மடியில வச்சுக்க. அம்மா உன்னைக் கேட்டாலும் சொல்லாத."

"அம்மாவுக்குப் புரியாதுண்ணே."

"புரியலன்னா நான் பாத்துக்கறேன்."

அம்மாவுக்குத் தெரிந்த சைகைகள் நான்கு. சாப்பிடு, வா, தூங்கு, உதைப்பேன். இருபத்தேழு வருடமாக அதை வைத்துத்தான் அண்ணனை வளர்த்தாள். மீதியெல்லாம் என் வழியாகத்தான் போகும்.

அண்ணன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எதிரில் தரையில் உட்கார்ந்தான். படத்தைக் காட்டினான். தன் நெஞ்சைத் தொட்டான். பிறகு காற்றில் மூன்று முடிச்சுப் போட்டான்.

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தாலும் என் பக்கம் திரும்பி, "என்னாடி சொல்றான்?" என்றாள்.

"அவனையே கேளும்மா."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. விரல்கள் தாமாக எழுந்தன. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அம்மா வாயால் கேட்டாள். அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு போனில் எழுதிக் காட்டினான். அம்மா படித்தாள். பிறகு மெதுவாகத் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அண்ணன் இல்லை என்று தலையாட்டினான்.

அம்மா அவனுக்குத் தெரியாதபடி முகத்தை நன்றாக என் பக்கம் திருப்பிக்கொண்டு, "பொறக்கறதும் இப்டியே பொறந்துட்டா என்னாடி பண்றது?" என்றாள்.

என் கை மடியிலேயே இருந்தது. அண்ணன் எழுந்தான். அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். இப்போது சொல் என்று காட்டினான்.

அம்மா அவன் கையை விலக்கினாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டினாள். காதைத் தொட்டாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அம்மா கையால் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அது இப்படிப்பட்ட வாக்கியமாக இருந்திருக்க வேண்டாம்.

அண்ணனும் தொட்டில் ஆட்டினான். காதைத் தொட்டான். தன்னைக் காட்டினான். அம்மாவைக் காட்டினான். சின்னப் பிள்ளை உயரத்திலிருந்து தன் உயரம் வரை கையை மெல்ல உயர்த்தினான்.

அம்மா அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சாயங்காலம்கூட ஆகவில்லை, தோசை ஊற்ற ஆரம்பித்தாள். தோசை கருகியிருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

கை கழுவும்போது அண்ணனிடம், "நான் சொல்லியிருந்தா இவ்ளோ ஆயிருக்காது" என்றேன்.

"நீ சொல்லியிருந்தா அம்மா கேட்டதே எனக்கு வந்திருக்காது. அம்மாவுக்கு வாய் நீளம். உனக்குக் கை குட்டை. எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்."

மார்ச் 13

நான்கு நாளாக ஒரே மூச்சில் எழுதினேன். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும். நான் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி. உதவித்தொகைக்கு இது உதவுமா என்று தெரியவில்லை. அண்ணனிடம் முதலிலேயே கொடுத்தேன். இரண்டு இடத்தில் அடித்தான். மீதி இருக்கலாம் என்றான்.

மார்ச் 15

கடைசி நாள். அருளப்பன் சாருக்குக் காலையில் கடவுச்சொல் கிடைத்தது. கடிதத்தைத் தவறுதலாகக் கல்லூரி முதல்வருக்கு அனுப்பினார். முதல்வர் எனக்கு வாழ்த்துச் சொன்னார். இரண்டாவது தடவை சரியான இடத்துக்குப் போனது. நானும் எல்லாவற்றையும் அனுப்பினேன். "நன்றி" என்று திரையில் ஒரு பச்சை வரி வந்தது.

ஏப்ரல் 13

அம்மா விழுப்புரம் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணனும் அம்மாவும் மட்டும் போனார்கள். வண்டியில் இடமில்லை என்றார்கள். ரயிலில்தான் போனார்கள்.

"எப்டிம்மா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. ரெண்டு பேரும் ஒரே பேச்சு. கையை வலிக்காதாடி இதுங்களுக்கு?"

"நீ என்ன பேசினே?"

"நான் பேசினேன், என்னமோ. அவளுக்குப் புரிஞ்சுது. சிரிச்சா."

என்ன சைகை செய்தாள் என்று கேட்டேன். காட்டினாள். எனக்குப் புரியவில்லை.

மே 6

இணையவழி நேர்காணல். மூன்று பேர். ஒரு வெள்ளை முடிக்காரர், ஓர் அம்மாள், என் வயதுக்குக் கொஞ்சம் மூத்த ஒருவர். மூன்றாமவருக்குக் காது கேட்காது. திரையின் ஓரத்தில் அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். ஸ்வீடன் சைகை எனக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.

ஆரம்பித்த உடனே தெருமுனை மாரியம்மன் கோவிலில் ஒலிபெருக்கி போட்டுவிட்டார்கள். ஜன்னலைச் சாத்தினேன். பிரயோசனமில்லை. இரண்டு பேர் காதில் கை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்கள். மூன்றாமவர் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். என்ன சத்தம் என்று கேட்டார்கள். அம்மனை அழைக்கிறார்கள் என்றேன். வந்துவிட்டாரா என்று வெள்ளை முடிக்காரர் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

மூன்றாமவர் கேட்டார்: "இந்தக் கட்டுரையை உங்கள் அண்ணன் படித்தாரா?"

"படித்தார். இரண்டு இடத்தில் அடித்தார்."

"எந்த இடங்கள்?"

"'பாவம்' என்ற வார்த்தை இரண்டு இடத்தில் இருந்தது."

அவர் சிரித்தார். பிறகு, "கையை மடியில் வைத்திருந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்றார்.

தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. சமத்துவம், சுயமரியாதை எல்லாம் அதில் வரும். "கோபம் வந்தது" என்று சொல்லிவிட்டேன். "என் வேலை போய்விட்டது. எனக்கு வேறு வேலை தெரியாது."

அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். நன்றி சொல்லித் திரையை அணைத்தார்கள். போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். "போனா போவட்டும், அங்க குளுரு" என்றாள்.

ஜூன் 3

காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் நான். எனக்கு முன்னால் தேர்வானவர்களில் ஒருவர் வராவிட்டால் எனக்குக் கிடைக்கும். அவர்கள் எல்லாரும் நல்லபடியாகப் போய்ப் படிக்கட்டும்.

ஜூன் 4

நேற்று எழுதியதில் கடைசி வரி உண்மையில்லை.

ஜூன் 19

மின்னஞ்சல் வந்தது. ஒருவர் விலகிவிட்டார். இடம் எனக்கு. ஒரு வாரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

வீட்டில் சொல்லவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஜூலை 7 முகூர்த்தம். பத்திரிகை வைக்கப் போக வேண்டும்.

ஜூன் 23

இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. வினோதாவுக்கு இந்த ஊர் புதிது. ரேஷன் கடையில் புதிய ஆள் வந்திருக்கிறார், அவருக்கு அண்ணனைத் தெரியாது. புது இயந்திரத்துக்கு வங்கியில் இன்னொரு கையெழுத்து பாக்கி இருக்கிறது. இத்தனையும் விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. மறுப்புக் கடிதம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 24

வினோதா வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் இப்படி வரக்கூடாது என்று அம்மா சொன்னாள், பிறகு காபி போட்டுக் கொடுத்தாள். நல்ல உயரம். அண்ணனைவிட வேகமாகக் கையால் பேசுகிறாள். பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து என் அறையின் சுவரை அளந்தாள்.

"என்ன பண்றீங்க அண்ணி?" என்றேன்.

"பீரோ. இங்க நிக்குமான்னு பாக்கறேன். நீ எப்ப போறே?"

"எங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"உன் மடிக்கணினி திறந்தே கிடக்குது. எப்பவும் திறந்தேதான் வைக்கிறே" என்றான். "மறுப்புக் கடிதமும் படிச்சேன்."

"அம்மாவுக்கு முழங்கால்..."

"நான் ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறேன்" என்றாள் வினோதா.

"வங்கியில ஒரு கையெழுத்து..."

"போன வாரமே போட்டாச்சு" என்றான் அண்ணன்.

"ரேஷன் கடையில..."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ரேஷன் கடையைப் பற்றி மேலே பேசவில்லை.

வினோதா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "நீ போகலன்னாலும் பரவால்ல, இரு. ஆனா பீரோ இங்கதான் வரும்" என்றாள். கொஞ்சம் பயமாக இருந்தது. அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மாவிடம் அண்ணன்தான் சொன்னான். கையால், பறந்து காட்டி. அம்மா என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

ஜூலை 7

கல்யாணம். மண்டபத்தில் பாதிப் பேர் காது கேளாதவர்கள். கடலூர், திண்டிவனம், புதுச்சேரியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். நான் பட்டுப்புடவையில் மேடை ஓரத்தில் தயாராக நின்றேன். ஐயர் சொல்வதை அண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று. ஐயர் அண்ணனின் கையைப் பிடித்து எதை எங்கே போட வேண்டுமோ அங்கே போட வைத்தார். எல்லா மாப்பிள்ளைகளுக்கும் அவர் அப்படித்தான் செய்வாராம்.

கெட்டிமேளம் என்றதும் நாதஸ்வரமும் தவிலும் கூரை அதிர எழுந்தன. அதே நேரத்தில் மண்டபத்தின் பாதியில் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை அசைத்தார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். முன் வரிசையில் அம்மாவும் கையைத் தூக்கி அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அட்சதை இருந்ததால் அது அவள் தலையிலேயே விழுந்தது.

எனக்கு வேலை இல்லை. இரண்டாம் பந்தியில் சாப்பிட்டேன். பாயசம் சுமார்.

ஜூலை 30

விசா வந்தது. அருளப்பன் சார் கல்லூரி அறிவிப்புப் பலகையில் என் படத்தை ஒட்டியிருக்கிறாராம். அண்ணன் கடையிலிருந்து பேனரே அடித்துக் கொடுப்பதாகச் சொன்னான். முகத்தில் எதையும் துடைக்கக்கூடாது என்ற நிபந்தனையில் ஒப்புக்கொண்டேன். துடைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 17, சென்னை விமான நிலையம்

விமானம் ஏற இன்னும் நேரம் இருக்கிறது. எழுதி முடித்துவிடுகிறேன்.

அம்மா, அண்ணன், அண்ணி மூன்று பேரும் வந்தார்கள். பயணச்சீட்டு இல்லாதவர்களை வாசலுக்கு மேல் விடவில்லை. உள்ளே வந்து திரும்பினால் நடுவில் பெரிய கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் வழியனுப்ப வந்த கூட்டம். எல்லாரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கத்துகிறார்கள், இந்தப் பக்கம் இருப்பவர்கள் "என்னா? என்னா?" என்று கத்துகிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. போனில் கூப்பிடச் சொல்லி விரலைக் காதருகே வைத்துக் காட்டுகிறார்கள்.

அம்மாவும் கத்தினாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. எனக்கு உதட்டைப் படிக்க வராது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு அவசியம் வந்ததே இல்லை.

அண்ணன் அம்மாவுக்கு எதிரில் போய் நின்றான். அவள் வாயைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பிக் கையால் சொன்னான்.

"ஊறுகாய் பாட்டிலைத் துணிக்கு நடுவுல வச்சிருக்காங்களாம்."

சரி என்றேன். மறுபடியும் அம்மாவின் வாயைப் பார்த்தான்.

"யாராச்சும் சாப்பாடு குடுத்தா என்னா கறின்னு கேட்டுட்டுச் சாப்பிடணுமாம்."

"சரி."

"சளி புடிச்சா உடனே சொல்லணுமாம். மறைக்கக் கூடாதாம்."

"சரி."

"உன்னை நல்லா வளத்தாங்களாம். என்னைப் பாத்துக்கறதுலயே உன்னைச் சரியாப் பாக்கலன்னு யாரும் நெனச்சிடக் கூடாதாம்." அம்மாவின் வாயை இன்னொரு தடவை பார்த்தான். "அப்படியே சொல்றேன். நான் எதையும் குறைக்கல."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன். அவளுக்குப் புரியும்படி என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சாப்பிடு" என்று காட்டினேன். அவளும் "சாப்பிடு" என்று காட்டினாள். இரண்டு பேருமே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம்.

காவலர் வந்து நகரச் சொன்னார். பெட்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். திரும்பி நடந்தால் பேச்சு அறுந்துவிடும் என்பதால் பின்பக்கமாகவே நடந்தேன். அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்கு இணையாக நடந்துகொண்டே பேசினான். பாஸ்போர்ட் எடுத்தாயா, எடுத்தேன். பீரோ நன்றாக நிற்கிறது, தெரியும். போய் இறங்கியதும் காணொளியில் வா, அந்த ஊர்க் கை எப்படி என்று காட்டு, காட்டுகிறேன். ஒரு குடும்பத்தின் தள்ளுவண்டியில் இடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் பின்னால் நடந்தேன். ஒரு தூணில் இடித்தேன்.

அண்ணன் நின்றுவிட்டான். இரண்டு கையையும் நன்றாகத் தெரியும்படி உயரத் தூக்கினான்.

"முன்னாடி பாத்து நட" என்றான்.

திரும்பினேன்.